பல்லி விழுந்த சிப்ஸும் என் கஞ்சி மாவும்

மரவள்ளிக் கிழங்கு வாங்கினால் நுனியை ஒடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள் மேடம். கசந்தால் வாங்காதீர்கள். அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற ரகம். ஆலையில் அரைத்து, அலசி அலசி அதிலுள்ள விஷத்தைப் போக்கிவிடுவார்கள். வீட்டு உலைக்கு அது ஆகாது. சின்னசேலம் பக்கம் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ‘அபிநயா கஞ்சி மாவு’ தமிழழகன். கவரில் சிரிப்பது என் மகள். பதினைந்து வருடம் நல்ல கிழங்கை மட்டும் வாங்கி, ஒரு புகாரும் வராமல் விற்றேன். அதற்கு ஊர் எனக்குச் செய்த மரியாதை, கடைகளில் என் கவரை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்ததுதான். குறையில்லாத சரக்கைப் பற்றி எவன் பேசுகிறான்? இந்த ஜனங்களுக்கு நாக்கும் இல்லை, நன்றியும் இல்லை.

வடக்கனந்தல் ஊறுகாய்க்காரர் தமிழ்வேந்தனின் பாட்டிலில் ஒருநாள் புழு கிடந்தது. மனிதர் புகார் சொன்ன பெண்ணுக்கே வக்கீல் நோட்டீஸ் விட்டார். அடுத்த பொங்கலுக்குள் கடைக்குப் பூட்டு. அது முட்டாள் கதை, விடுங்கள். சின்னசேலம் கண்ணாயிரத்தின் சிப்ஸ் பாக்கெட்டில் பல்லி கிடந்தது. பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தலைக்கு, தோளுக்கு என்று போட்டிருப்பார்கள், சிப்ஸுக்குப் போடவில்லை. யோகம் மேடம், யோகம். அந்த ஆள் ஷேர் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி அழுதார்.

“எம் மேலதாங்க தப்பு. பாக்கெட்டக் குடுத்துட்டு துட்ட வாங்கிக்கினு போங்க. என் புள்ளைங்களும் துன்ற சரக்குங்க இது.”

திரும்பி வந்த பாக்கெட்டை எல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்தினார். கொஞ்ச நாளில் வியாபாரம் இரண்டு மடங்கு. ஒழுங்காக இருந்தவன் நான், மாலை பல்லிக்காரனுக்கு. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் பாடமும் படித்தேன். பிராண்டைத் தூக்கி நிறுத்துவது சுத்தம் இல்லை, மன்னிப்பு. மன்னிப்புக் கேட்க ஒரு தப்பு வேண்டும். என்னிடம் அது இல்லை.

ஆகவே செய்தேன். ஆலைக் கிழங்கை அலசாமல் அரைத்து ஒரே ஒரு கவரில் அடைத்தேன். கீழே டவுனில் கொடுத்தால் கோர்ட், கேஸ் என்று இழுப்பார்கள். மலைக்காரர்கள் அப்படியில்லை, நான் போய்க் கும்பிட்டாலே உருகிவிடுவார்கள். என்னிடம் பேக்கிங் வேலை பார்த்த அம்சவள்ளிக்குக் கல்வராயன் மலையில் வீடு, நான்கு வயதில் எழில்மதி என்று ஒரு பெண். “புள்ளைக்குக் காய்ச்சிக் குடும்மா” என்று சனிக்கிழமை என் கையாலேயே கொடுத்தேன். இரண்டு வாந்தி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்பது என் நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

“மொதலாளி, கசக்குதுன்னு புள்ள அழுதுச்சுங்க. நீங்க குடுத்த மாவாச்சேன்னு வெல்லத்த ஜாஸ்தியா போட்டு ஊட்டுனேன். இப்ப கண்ணு சொருகிக்கினே போவுதுங்க. இன்னா கலந்துச்சுன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மருந்து போடலாம்னு டாக்டர் கேக்குறாரு. மாவுல இன்னாங்க இருக்குது?”

சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் நீங்களே யோசியுங்கள். சொன்னால், எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். தெரியாமல் நடந்ததைத்தான் ஊர் மன்னிக்கும்.

“சுத்தமான மாவும்மா. சூடு புடிச்சிருக்கும், பயப்படாத” என்றேன்.

பொழுது சாய்வதற்குள் எழில்மதி போய்விட்டாள்.

மறுநாள் வீடியோ எடுக்கும் ராஜேஷைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். கிழங்கு மாறிப்போனது தெரியாது என்று சொல்லி அம்சவள்ளி காலில் விழுந்தேன். அவளே என்னைத் தூக்கிவிட்டாள்.

“நீங்க இன்னாங்க பண்ணுவீங்க மொதலாளி, தெரியாம நடந்தது. நாந்தான் பாவி, அழ அழ ஊட்டுனேன்.”

அந்த இடத்தைத்தான் ஜனங்கள் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எல்லாக் கவரையும் கொளுத்தினேன், மில்லை நானே பூட்டினேன். ஸ்டேஷனில் நீங்களும் கவனக்குறைவு என்று ஒரு கேஸ் போட்டு ஜாமீனில் விட்டீர்கள். மில்லைத் திரும்பத் திறந்த அன்று கடைக்காரர்களே தேடிவந்து மாவு கேட்டார்கள். ஜனங்களைப் பற்றி நான் போட்ட கணக்கு இம்மியும் பிசகவில்லை.

பிசகியது ராஜேஷ் விஷயத்தில்தான். கல்யாண வீடு எடுக்கிறவன், எதையும் அழிக்க மாட்டான். அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மில்லில் மன்னிப்புக்கு ஒத்திகை பார்த்தபோது எடுத்ததைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கசப்புக் கிழங்கை அரைத்தது நான், கையில் கொடுத்தது நான், போனில் பொய் சொன்னது நான். எழில்மதியைக் கொன்றது நான்தான். ஆனால் மன்னிப்புக் கேட்காதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வீடியோவில் தேதியைப் பாருங்கள் மேடம், குழந்தை கஞ்சி குடிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.