பத்து சைபர்

கொழுந்தன்: மறுபடியும் அதே கதைதான் அண்ணி. ஃபைல்ல என் ஃபோன் நம்பர் இருக்கு. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டாச்சு. அலாரம் மட்டும் வேற எங்கயோ போகுது.

அண்ணி: நாலாவது தடவையா அந்த ஃபைலையே திறந்து பாக்கறே. அதுல என்ன, உன் கல்யாண ஃபோட்டோவா இருக்கு?

கொழுந்தன்: புரோகிராம் எழுதினவன் நான். என் ஃபைல் சுத்தம்னு காட்டணுமில்ல?

அண்ணி: யாருக்குக் காட்டறே? இந்த ரூம்ல நீ, நான், ஓடாத ஏசி. மேனேஜர் பதினோரு மணிக்குத்தான் வருவார்.

கொழுந்தன்: வந்து?

அண்ணி: வந்து ஒரு பேர் கேப்பார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம ஹெல்த் சென்டர் தடுப்பூசி ஃபிரிட்ஜ் நின்னு போச்சு. அலாரம் போயிருக்கு, யாருக்கும் ஃபோன் வரலை. தப்பான நம்பரை வச்சது யாருன்னு இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். போட்டவங்களுக்கு இன்னையோட சீட்டு கிழிஞ்சுது.

கொழுந்தன்: ...அந்த மருந்தெல்லாம்?

அண்ணி: குப்பையில. வெளிய சத்தம் கேக்குதா? கைக்குழந்தையைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தவங்க. திருப்பி அனுப்பறாங்க. குழந்தைங்க ஊசி போடாமலே அழுதுட்டுப் போகுதுங்க.

கொழுந்தன்: சரி சரி... தேடுவோம்.

அண்ணி: தேடறதுன்னா மேல இருந்து தேடு. இந்த ஜாவா சர்வர் ஒரு விவரத்தை மூணு இடத்துல பாக்கும். முதல்ல அதை ஸ்டார்ட் பண்ற வரி. அதுல இல்லேன்னா மெஷினோட செட்டிங். அங்கயும் இல்லேன்னாதான் உன் ஃபைல். மேல ஒண்ணு கிடைச்சுட்டா கீழ திரும்பிக்கூடப் பாக்காது.

கொழுந்தன்: நம்ம வீடு மாதிரி.

அண்ணி: அதேதான். அத்தை வாயைத் திறந்துட்டா உங்க அண்ணன் பேச்சு செல்லாது. உங்க அண்ணன் பேசிட்டா என் பேச்சு செல்லாது.

கொழுந்தன்: என் பேச்சு?

அண்ணி: நீதான் அந்த ஃபைல். இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கறதில்லை.

கொழுந்தன்: ரொம்ப நன்றி... நடுவுல, மெஷின் செட்டிங்ல, உங்க நம்பர் இருக்கே?

அண்ணி: நான்தான் போட்டேன். மாமியார் வீட்டுக்கு ஒரு வாரம்னு போய் மூணு வாரம் உக்காந்தியே, அப்ப. திரும்பி வந்தும் எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நல்லாத் தூங்கினே.

கொழுந்தன்: நீங்க பாத்துக்கறீங்கன்னு...

அண்ணி: பாத்துக்கிட்டேன். எவனாவது ஃபிரிட்ஜ் கதவை அரை நிமிஷம் திறந்து வச்சா ஃபோன். குளிக்கும்போது ஃபோன். பல் டாக்டர் வாய்க்குள்ள கையை விட்டிருக்கறப்ப ஃபோன். அலாரத்தை இவ்வளவு ரோஷக்காரனா எழுதினது யாரு?

கொழுந்தன்: ...மேல போய்ப் பாப்போமா?

அண்ணி: இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? போ.

கொழுந்தன்: ஸ்டார்ட் பண்ற வரி... இதோ. அலாரம் நம்பர்... பத்தும் சைபர்.

அண்ணி: பாவம் அந்த ஃபிரிட்ஜ். யாருமே இல்லாத வீட்டுக்கு ஃபோன் போட்டுக்கிட்டு இருந்திருக்கு. மாத்தின தேதி?

கொழுந்தன்: மார்ச் பன்னெண்டு.

அண்ணி: அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?

கொழுந்தன்: ...பெரிய ஆஸ்பத்திரில. அண்ணன் பைக்ல இருந்து விழுந்த அன்னைக்கு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல.

அண்ணி: இந்த மெஷினோட பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தி தியேட்டர் வாசல்ல. இன்னொருத்தர் யாரு கொழுந்தனாரே? கேட்ல நிக்கற வாட்ச்மேனா?

கொழுந்தன்: ...நான்தான் அண்ணி.

அண்ணி: தெரிஞ்சுக்கிட்டேதான் காலையில இருந்து அந்த ஃபைலைத் துடைச்சுத் துடைச்சு வச்சியா?

கொழுந்தன்: அன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்திருந்தேன். அரை மணி நேரத்துல ஏழு ஃபோன். ஒவ்வொண்ணும் டாக்டர்தான் கூப்பிடறார்னு பதறிப் பதறி எடுத்தீங்க. எடுத்தா... ஃபிரிட்ஜ். பாக்க முடியலை. நேரா இங்க வந்து மாத்தினேன். அந்த ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன்.

அண்ணி: ஒரு நாள் மூணு மாசமா நீண்டுடுச்சா?

கொழுந்தன்: மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்.

அண்ணி: இதை வெளிய நிக்கறவங்ககிட்ட சொல்லு. என்மேல இருந்த பாசத்துல மறந்துட்டேன்னு சொல்லு. குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டே கை தட்டுவாங்க.

கொழுந்தன்: போதும் அண்ணி... தாளைக் குடுங்க.

அண்ணி: இந்தா.

கொழுந்தன்: எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?

அண்ணி: சீக்கிரம் கேளு. பத்து அம்பது ஆச்சு.

கொழுந்தன்: ஒரு நாளைக்கு நாப்பது தடவை அடிச்ச ஃபோன். மூணு மாசமா ஒரு தடவைகூட அடிக்கலை. ஏன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?

அண்ணி: தோணிச்சு. மறுநாளே வந்து தேடினேன். முதல் இடத்துலயே பத்து சைபர். அழிக்கத்தான் போனேன்... அழிச்சா சர்வர் அடுத்த இடத்துக்கு வரும், அங்க என் நம்பர். அப்படியே மூடிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன். தாள்ல முதல் வரியை விட்டுட்டு எழுது. அதுல என் பேர் வரணும்.