வெள்ளம் டிசாஸ்டர் இல்லையாம்

ஆடுகோடியில் நான் ஏறிய எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஆபீஸ் போலிருக்கிறது. கழுத்தில் ஒரே நிற அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்த சின்னவள் திடீரென்று சொன்னாள்:

“எங்க வீட்டுக்குள்ள வந்த வெள்ளம் டிசாஸ்டர் இல்லையாம்க்கா. மேனேஜர் சொல்லிட்டாரு.”

“என்னடி சொல்ற?”

“போன வாரம் மழையில முட்டி வரைக்கும் தண்ணி. நடக்க முடியாத அப்பாவ சேரோட தூக்கி மாடி வீட்டுல விட்டோம். லீவ் கேட்டா, ‘அது உன் பர்சனல் பிராப்ளம், மாடியிலேர்ந்தே லாகின் பண்ணு’ங்கறாரு.”

“அய்யோ, சர்வர் கொஞ்ச நேரம் படுத்தா மட்டும் டிசாஸ்டர், டிசாஸ்டர்னு ஃப்ளோர் பூரா கத்துவாரே அந்தாளு!”

“அதான்க்கா எரியுது. அதுக்கு ஒண்ணுன்னா ஊரே ஓடணும். எங்கப்பா தண்ணிக்குள்ள கால வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தா அது பர்சனலாம்!”

சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. பெரியவள் கேட்டாள்:

“இன்னிக்காவது லீவ் போட்டிருக்கலாம்ல? வீடு கழுவற வேலையே கெடக்குமே.”

“எங்க போடறது? இன்னிக்கு ஆபீஸ்ல டிசாஸ்டர் டிரில். கீழ வெள்ளம் வந்துட்டதா நெனச்சிக்கிட்டு எல்லாரும் மாடி ஏறணும்.”

“அதுக்கு நீ எதுக்கு?”

“நான்தான் முன்னாடி நின்னு சொல்லித் தரணுமாம். மேனேஜரே என் பேரக் குடுத்திருக்காரு. எனக்குத்தான் அனுபவம் இருக்காம்.”