ஒட்டிப்போன கண்டல் பூ

கொச்சிக்கடையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். சோதனைச் சாவடி தெரிந்ததும் இளையவள் பொட்டை அழித்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, ஆராய்ச்சிச் செடியளை எந்தப் பேப்பருக்குள்ள வச்சுக் காயவிட்டனீங்கள்?"

"யாழ்ப்பாணப் பேப்பர். மற்றச் செடியளை வீட்டில வேற பேப்பருக்கு மாத்திட்டன். கடலோரத்தில புடுங்கின இந்தக் கண்டல் பூ மட்டும் ஒட்டிப்போச்சு. சுத்தி வெட்டிக் கொண்டு வந்தனான்."

"எதில ஒட்டியிருக்கு?"

"செத்த இயக்கப் பெடியன்ர படத்தில."

"ஐயோ, பூவை உரிச்செடுங்கோ!"

"உரிச்சா தூளாப் போயிடும். கண்டல்ல இந்தப் பூ ஒண்டுதான் இருக்கு."

"ஆமி ஏறுறான், அக்கா."

மூத்தவள் அந்தத் துண்டைப் பூவோடு மடித்து வாயில் போட்டு மென்றாள்.

"விழுங்குங்கோ."

விழுங்கினாள். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"உப்புக் கரிக்குது."