நெட்வொர்க் கிடைக்காத வாரம்

என் கடையில் சில்லறைத் தகராறு ஒருநாளும் நடந்ததில்லை, ஐயா. வேண்டுமானால் தெருவில் யாரையும் கேட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் செய்வேன். செல்போனிலேயே வங்கிக் கணக்கு திறந்து கொடுத்து, பணம் போடுவதையும் எடுப்பதையும் நானே பார்த்துக்கொள்வேன்.

ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தேன். வருகிறவர்கள் அதன் அடியில் நின்றுகொண்டே தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார்கள். எதிர்க்கடைத் தையல்கார அக்கா இன்னும் ஒரு படி மேல். "நம்பர நீயே வச்சுக்க தம்பி, எனக்கு மறந்து போயிடும்" என்றார்.

பணம் எடுத்தால் செல்போனுக்குத் தகவல் வரும். அதற்கு வங்கி மாதாமாதம் கொஞ்சம் பிடித்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மெசேஜுக்கெல்லாம் எதுக்குக் காசு? நிறுத்திடு. அதான் நீ இருக்கியே." ஒரு டீ காசை மிச்சம் பிடிக்கக் காவலையே விரட்டிவிட்டார். இப்படிப்பட்ட புத்திசாலிகளுக்கு நடுவில் ஒருவன் எத்தனை நாள் யோக்கியனாக இருப்பான்?

அவர் சேர்த்தது புருஷனின் இதய ஆபரேஷனுக்கு. நான் எடுத்தது என் வீட்டு மாடிக்கு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்ன அன்று ஓடி வந்தார். கணக்கு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "நெட்வொர்க் இல்லக்கா, நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். அந்த வாரம் முழுக்க என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒருவன் செல்போனில் வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் நெட்வொர்க் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கக்கூட அக்காவுக்குத் தோன்றவில்லை. வங்கிக்கே போயிருக்கலாமே என்பீர்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் எரிந்து விழுவான். நான் குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். வாரம் முடிவதற்குள் புருஷன் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து சில நாளில் கடைக்கு வந்தார். கொஞ்சம் பயந்துதான் போனேன்.

"உன்ன ஒண்ணும் சொல்லல தம்பி. அந்தப் பாழாப்போன டவர்தான் அவரக் கொன்னுடுச்சு" என்றார். பிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் கையில் வைத்துவிட்டுப் போன பணத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இதப் போட்டு வை. பொண்ணு படிப்புக்கு."

போட்டேன். அன்றைக்கு நெட்வொர்க் நன்றாகவே இருந்தது. பிறகு அதையும் எடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போட்டுக் கொடுத்ததற்குக் கமிஷன் வாங்கவில்லை. சாவு வீட்டுப் பணம். நானும் மனுஷன்தானே, ஐயா.