சுவருக்கு அந்தப் பக்கம் போகும் குழாய்

இரவு பதினொன்று இருக்கும். வட இங்கிலாந்தில் கான்செட் ஊருக்கு மேலே, தரிசு மேட்டுச் சாலை... ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. உறைபனியில் வேன் நழுவி நழுவிப் போனது. ஓட்டியவர் நாரிஸ், என் நண்பன் டெரெக்கின் மைத்துனர். வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுது பார்ப்பவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால்தான் இதைச் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இந்தக் கூடத்துச் சுவரில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரும் ஆறிக்கொண்டு வருகிறது.

சாலை முடியும் இடத்தில் ஒட்டிக் கட்டிய பழைய வீட்டு வரிசை. கடைசிக்கு முந்திய வீட்டில் ஜெம்மா கதவைத் திறந்தாள். மேல்கோட்டுக்குள் குழந்தை. குறைமாதத்தில் பிறந்து, அன்றுதான் மருத்துவமனையிலிருந்து வந்த குழந்தை.

"சீக்கிரம் பாருங்கண்ணே. இவ கை ஐஸ் மாதிரி இருக்கு."

பாய்லர் எரிந்தது. பம்பும் ஓடியது. ஆனால் ஒரு ரேடியேட்டர்கூடச் சுடவில்லை. நாரிஸ் சின்னச் சாவியைப் போட்டு, ஒவ்வொன்றிலும் அடைத்திருந்த காற்றைத் திறந்துவிட்டார். ஸ்ஸ்ஸ்... வழக்கமாகத் துரு வாடை வரும். அன்று வந்தது ஈரக் கம்பளி வாடை.

"காத்துப் புடுங்கவா ராத்திரியில உங்களைக் கூப்பிட்டேன்? பலூனா விக்கப் போறீங்க?" ஜெம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அப்போது குழாயில்... டக். டக்.

நின்றது. மறுபடி... டக். டக்.

"காலையிலேர்ந்து இப்படித்தான். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குக் கிளம்பறப்போ அலமாரிக்குப் பின்னாடி இருந்த வால்வை மூடினாரு. அந்தக் குழாய் பக்கத்து வீட்டுக்குப் போகுதாம். ஆளில்லாத வீட்டுக்கு நாம ஏன் சூடு குடுக்கணும்னாரு."

நாரிஸ் அலமாரியை நகர்த்தினார். அந்தக் குழாயைப் போட்டவரே அவர்தான். முன்பு இங்கே குடியிருந்த வில்ஃப் கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு ஹில்டா அம்மாளுக்கு எரிவாயு போட வசதியில்லை. தன் பாய்லர் சூட்டில் அவருக்கும் ஒரு ரேடியேட்டர் ஓடட்டும் என்றார் வில்ஃப். தினமும் சூடு வந்ததும் ஹில்டா பின்னல் ஊசியால் குழாயை இரண்டு முறை தட்டுவார். நன்றி என்று அர்த்தம்.

ஹில்டா போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் வீட்டு ரேடியேட்டரைக் கழற்றி, குழாயின் வாயை இறுக அடைத்ததும் நாரிஸ்தான். வாய் அடைத்த குழாயில் தண்ணீர் ஓடாது. அந்த வால்வை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். நாரிஸுக்கு அது தெரியும்.

குழந்தை முனகியது. அழக்கூடத் தெம்பில்லை.

நாரிஸ் தொப்பியைக் கழற்றினார். "ஆண்டவரே" என்று ஒரு சொல். வால்வைத் திறந்தார்.

குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம்... சுவருக்கு அந்தப் பக்கம் போனது. திரும்பியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டில் இருந்த எல்லா ரேடியேட்டர்களும் சுட்டன. குழந்தையின் விரல்கள் சிவந்தன. ஜெம்மா அழுதாள்.

அடைப்பு பிய்ந்து அங்கே தண்ணீர் கொட்டுகிறதோ என்று நாரிஸுக்குப் பயம். வீட்டுச் சொந்தக்காரர் ஜெம்மாவிடம் கொடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, டார்ச்சுடன் அங்கே போனார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடைப்பு அவர் வைத்தபடியே இருந்தது. ரேடியேட்டர் மாட்டியிருந்த இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும். கை வைத்தார். சுவர் இளஞ்சூடாக இருந்தது.

எதிரே ஒரு நாற்காலி. அதன்மேல் குழந்தைக் காலுறை ஒன்று, பின்னி முடித்தது. இன்னொன்று பாதியில்... ஊசிகளோடு.

அவர் எதையும் தொடவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, திருப்பித் தர மறந்து தன் வீட்டுக்கே வந்துவிட்டார். செய்த தயவு ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. தேவனுக்குத் தெரியும்.

காலையில் ஜெம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, சாவியை எப்போ கொண்டாந்து குடுத்தீங்க? எங்க ரேடியேட்டர் மேல கிடக்கு. பக்கத்துல புதுசா பின்னின ஒரு ஜோடி குட்டிக் காலுறை... துவைச்சுக் காயப் போட்டிருக்கு."

நாரிஸ் கோட்டுப் பைக்குள் கை விட்டார். பை காலியாக இருந்தது.