ஒத்தக் காது வெள்ளை

ஞானம்மா: ஆடு தொலைஞ்சிடுச்சினா சொன்ன?

கனகம்: வாய்ல அதான் யக்கா வந்துச்சி.

ஞானம்மா: உன்கிட்ட ஏதுடி ஆடு?

கனகம்: இல்ல தான்.

ஞானம்மா: இல்லாத ஆடு எப்டிடி தொலையும்?

கனகம்: இல்லாதது தான் நல்லது. கெடைக்கவே கெடைக்காது. நான் பாட்டுக்கு தேடிகினு நடக்கலாம்.

ஞானம்மா: நல்லா கீது உன் நியாயம். அதுவும் டீக்கடை பலராமன் கிட்ட போய் சொல்லிகீற. ஊருக்கே மைக்கு வெச்சி சொன்னா மாதிரி.

கனகம்: அவன் தானே தெனம் மறிக்கறான். "காலங்காத்தால எங்க கனகம்?"ன்றான். ஏரிக்கரைக்குன்னு சொன்னா, "எதுக்கு?"ன்றான். சும்மான்னு சொன்னா, "சும்மா யாராச்சும் ஏரிக்கரைக்குப் போவாங்களா, எல்லப்பன் அடிச்சானா?"ன்னு கேக்கறான்.

ஞானம்மா: யாரு, எல்லப்பனா? கொசு அடிக்கவே நாலு தபா யோசிப்பான்.

கனகம்: நேத்து, நான் கோச்சிகினு அம்மா வூட்டுக்குப் போறேன்னே முடிவு கட்டிட்டான். சமாதானம் பேச தோள்ல துண்டு போட்டுகினு ரெண்டு பெரியவங்க வந்துட்டாங்க யக்கா. அவுரு பாவம், மூஞ்சில சோப்போட வந்து நிக்கறாரு. "தம்பி, பொம்பளைய கை நீட்டலாமா"ன்றாங்க.

ஞானம்மா: டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்கன்னு உள்ளதச் சொல்லேன்.

கனகம்: சொல்லாமயா? மொத நாளே சொன்னேன். "ஐயோ, மார எடுத்த ஒடம்பு, கரண்ட் வெச்ச ஒடம்பு, நீ நடக்கலாமா"ன்னு பெஞ்சுல ஒக்கார வெச்சான். பால் ஜாஸ்தியா ஊத்தி டீ குடுத்தான். ரெண்டு பன்னு குடுத்தான். அப்பறம் டி.வி.எஸ். வண்டில ஏத்தி வூட்டு வாசல்ல கொண்டாந்து வுட்டுட்டான்.

ஞானம்மா: எளைக்கறதுக்கு நடந்து போனவ... பன்னு தின்னுட்டு வண்டில வந்தியா?

கனகம்: சிரிக்காத யக்கா. ஊரே சேந்து தான் என்ன இப்டி ஊதி வெச்சிகீது. ஆஸ்பத்திரில இருந்து வந்தன்னிக்கு ஆரம்பிச்சாங்க. ஆட்டுக்கால் சூப்பு, நாட்டுக்கோழி முட்டை, ஹார்லிக்ஸ்... குடத்தத் தொடவுடல, தொடப்பத்தத் தொடவுடல. கேன்சர் வந்தா எளைச்சிப் பூடுவாங்கன்னு சொல்வாங்க. நான் பாரு, அரிசி மூட்டையாட்டம் கீறேன்.

ஞானம்மா: மாத்திரையும் கொஞ்சம் ஊத வெக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?

கனகம்: பாதி மாத்திரை. மீதி பாதி பக்கத்து வூட்டு சந்திரம்மாள் சூப்பு.

ஞானம்மா: கம்பெனி கோட்டு போட்டுப் பாத்தியா?

கனகம்: பாத்தேன். மேல பூட்டுனா கீழ தெறிக்குது. வவுத்துல ரெண்டு பட்டன் ஒண்ண ஒண்ணு பாக்கறதே இல்ல.

ஞானம்மா: சூப்பர்வைசர் நேத்து மறுபடி கேட்டாரு. தீபாவளி முடிஞ்சி மெடிக்கல் வெக்கறாங்களாம். "ஷிப்டு பூரா நிக்கணும், கிளவுஸ் ட்ரேய ரேக்குல மேல் தட்டு வரைக்கும் வெக்கணும், முடியும்னா வரட்டும். முடியலன்னா அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டுடுவேன்"றாரு.

கனகம்: வருவேன்னு சொல்லு.

ஞானம்மா: சொல்லிட்டேன். ஆபரேசன் பண்ண பக்கத்துக் கை எது வரைக்கும் வருது?

கனகம்: காது வரைக்கும். டாக்டரம்மா சொன்னா மாதிரி சுவத்துல வெரலாலயே ஏர்றேன். ஏறின எடத்துல கரிக்கோடு போட்டு வெச்சிகீறேன். காதுக்கு மேல மாட்டேன்னுது.

ஞானம்மா: மேல் தட்டு உன் தலைக்கு மேல கீதேடி.

கனகம்: தெரியும் யக்கா... வூட்ல படுத்துகினே கெடந்தா நான் செத்துடுவேன். நோவுல இல்ல, படுத்துகினு கெடக்கறதுலயே. வர்றவங்கல்லாம் வாசப்படில நின்னு பாவமா பாக்கறாங்க. கம்பெனி லைன்ல யாருக்கு அப்டி பாக்க நேரம் கீது?

ஞானம்மா: சரி சரி, நடையப் போடு. இன்னிக்கு வந்த முட்டை எங்க?

கனகம்: முந்தானைல. எடுத்துக்க. வேக வெச்சது.

ஞானம்மா: உப்பு போட்டிருக்கலாம்.

கனகம்: தெனம் என் முட்டை பூரா நீ தின்ற. பாத்துக்க, உன் கோட்டு பட்டன் போயிடப் போவுது.

ஞானம்மா: என்னுது நேத்தே போச்சி. நீ ஆட்டச் சொல்லு. எந்த மாதிரின்னு கேட்டிருப்பானே பலராமன்?

கனகம்: கேட்டான். கருப்பு, ஒத்தக் காது வெள்ளைன்னு சொன்னேன்.

ஞானம்மா: அதென்ன ஒத்தக் காது?

கனகம்: வெறும் கருப்புன்னு சொன்னா எவன் வூட்டு ஆட்டயாச்சும் புடிச்சி வந்து கட்டிடுவாங்க யக்கா. ஒத்தக் காது வெள்ளைன்னா எங்க தேடுவாங்க?

ஞானம்மா: தேடறாங்கடி. வடக்குப்பட்டுக்கு சைக்கிள்ல ஆள் போயிகீது. அந்த நெலத்து புரோக்கர் கூட, பிள்ளைப்பாக்கம் போறப்ப பாக்கறேன்னு சொல்லிட்டுப் போறான்.

கனகம்: ...மாட்டிகினனா?

*

எல்லப்பன்: கனகம், இங்க வா. கெடைச்சிடுச்சி.

கனகம்: இன்னாது?

எல்லப்பன்: ஆடு.

கனகம்: எந்த ஆடு?

எல்லப்பன்: நம்ம ஆடு தான். கருப்பு. ஒத்தக் காது வெள்ளை. நீயே பாரு.

கனகம்: நம்மகிட்ட ஏதுயா ஆடு?

எல்லப்பன்: அத்த நீ பலராமன் கிட்ட சொல்லு. வடக்குப்பட்டுல ஒருத்தன் புடிச்சி, "இந்தாப்பா உன் ஆடு"ன்னு கைல கவுத்தக் குடுத்துட்டான். என் பொண்டாட்டி பொய் சொன்னான்னா நான் சொல்றது?

கனகம்: எந்தப் புண்ணியவதி வூட்டு ஆடோ. அழுதுகினு தேடுவா.

எல்லப்பன்: தேடி வந்தா குடுத்துடலாம். அது வரைக்கும் புளியமரத்துல கட்டி வெக்கறேன்.

கனகம்: கைல இன்னாயா வெள்ளையா கீது?

எல்லப்பன்: இதுவா... பல்லு வெளக்கினேன்.

கனகம்: சாயங்காலத்துலயா?

எல்லப்பன்: ரெண்டு வேளையும் வெளக்கணும்னு ரேடியோல சொன்னான்.

கனகம்: பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு மீதி, டப்பாவோட அடுப்பாண்ட இருந்துச்சே. எங்க காணோம்?

எல்லப்பன்: மேல் பலகைல ஏத்திட்டேன். பூனை தட்டிடுது.

கனகம்: எனக்கு எட்டாதே.

எல்லப்பன்: உனக்கு எதுக்கு இப்ப சுண்ணாம்பு?

கனகம்: எதுக்கும் இல்ல... ஆடு வந்துடுச்சி சரி. நாளைக்கு நான் எத்தத் தேடிகினு போறது? மறுபடி பெஞ்சு, டீ, பன்னா?

எல்லப்பன்: மூஞ்சப் பாத்தா ஒரு எடத்துல நிக்கற ஆடா தெர்ல, கனகம்.

கனகம்: நல்லா இறுக்கிக் கட்டு.

எல்லப்பன்: இறுக்கி தான் கட்றேன்.

*

ஞானம்மா: இன்னிக்கும் அவுத்துகினு வந்துடுச்சா?

கனகம்: தெனம் இதே கூத்து தான் யக்கா. விடிஞ்சா கவுறு மரத்துல கீது, ஆடு ஏரிக்கரைல கீது. பலராமன் இப்பல்லாம் கேக்கறதே இல்ல. "அந்தப் பக்கம் போச்சி கனகம், வெரசா போ"ன்றான்.

ஞானம்மா: மாசக்கணக்கா இதே. உன் வூட்டுக்காரனுக்கு ஒரு முடிச்சு போடத் தெரியாதா?

கனகம்: கவுறு பழசுன்றாரு.

ஞானம்மா: அடிச்ச மழைக்கு எல்லாம் அழுக்காகீது. இது காது மட்டும் புதுசா வெளுத்த வேட்டியாட்டம் கீது பாரேன்.

கனகம்: ...ஏரித்தண்ணி யக்கா. நீ கோட்டக் கேளேன். ஒரு பட்டன் சேந்துடுச்சி. இன்னொண்ணு கிட்ட வந்துடுச்சி.

ஞானம்மா: நடையே மாறிப் போச்சிடி உனக்கு. நான் தான் பின்னால இழுத்துகினு வரேன். ஆமா... இன்னா ஒரு பக்கம் சப்புனு கீது? மாருக்கு நான் தெச்சிக் குடுத்தத உள்ள வெக்கலியா?

கனகம்: தொவைச்சி வேலில காயப் போட்டிருந்தேன். காலைல பாத்தா காணோம்.

ஞானம்மா: அத்தப் போய் யாருடி எடுப்பாங்க?

கனகம்: அதோ, அது வாயப் பாரு.

ஞானம்மா: ஏசுவே... கடுகு போட்டு தெச்சதுடி அது. பஞ்சு வெச்சா லேசா கீது, நடந்தா கழுத்துக்கு ஏறுதுன்னு நீ சொன்னியேன்னு ராத்திரி கண்ணு முழிச்சி தெச்சேன்.

கனகம்: வேர்வைல மொளைச்சிடும்னு நான் பயந்துகினு இருந்தேன். இனி அது வவுத்துல மொளைக்கட்டும்.

ஞானம்மா: முழுசா முழுங்கல. பாதி வெளிய தொங்குது. ஐயோ, டீக்கடை பக்கம் இல்ல திரும்புது?

கனகம்: பலராமன் கண்ணுல பட்டா அவ்ளோ தான். இன்னா துணி, யாருதுன்னு கடைக்கு வர்றவன் எல்லாத்தயும் கேப்பான். யக்கா, நீ அந்தப் பக்கம் மறி.

ஞானம்மா: எப்டி மறிக்கறது? முட்டை பூரா என் வவுத்துல கீது.

கனகம்: கைய விரிச்சிகினு நில்லு, போதும். நான் ஓட்டிகினு வரேன்.

ஞானம்மா: ஓடாதடி, மூச்சு வாங்கும்.

கனகம்: வாங்கட்டும்... ஏய், நில்லு... நில்லுன்றேன்...

ஞானம்மா: தண்ணில எறங்கிடுச்சி, தண்ணில.

கனகம்: போனா போவட்டும், நானும் எறங்கறேன்... அந்தக் குச்சியக் குடு... ஏய், போடு கீழ. போடுன்றேன் இல்ல?

ஞானம்மா: கனகம்.

கனகம்: இரு யக்கா, தப்பிச்சிடும்.

ஞானம்மா: கனகம்... அப்டியே நில்லு. அசையாத.

கனகம்: இன்னா, பாம்பா?

ஞானம்மா: கை.

கனகம்: கைல இன்னா?

ஞானம்மா: குச்சி வெச்சிகீற கையப் பாரு. தலைக்கு மேல கீது. எறக்காத. கொஞ்ச நேரம் அப்டியே வெச்சிக்க. நான் பாத்துக்கறேன்.

கனகம்: யக்கா... இது அந்தக் கை தானே?

ஞானம்மா: அந்தக் கை தான்டி. ரெண்டு கைல ஒண்ணு உன்னுது இல்லியா இன்னா?

கனகம்: இழுக்குது யக்கா. இழுத்தா இழுக்கட்டும்.

ஞானம்மா: அழுவறியா?

கனகம்: ஆமா.

ஞானம்மா: அழு. நானும் அழுவறேன்... ஆனா ஆடு மறுபடி கரையேறிடுச்சி.

*

எல்லப்பன்: ட்ரேய வெச்சியா?

கனகம்: வெச்சேன்.

எல்லப்பன்: மேல் தட்டுலயா?

கனகம்: மேல் தட்டுல தான். கம்பெனி டாக்டரு, "போதும்மா, போதும்"னாரு. நான் இன்னொண்ணும் எடுத்து வெச்சேன்.

எல்லப்பன்: கோட்டு?

கனகம்: எல்லா பட்டனும் போட்டாச்சி. உள்ள காத்து போவுது. ஞானம்மா யக்கா தான் ஊக்கு குத்திகினு வந்திச்சி. திங்கக்கிழமைல இருந்து மொத ஷிப்டு. இன்னாயா, மூஞ்சி அப்டி போவுது?

எல்லப்பன்: சந்தோஷம் தான்... ஆட்டத் தான் இன்னா பண்றதுன்னு பாக்கறேன். சொந்தக்காரன் யாரும் இன்னும் வரல.

கனகம்: வந்துட்டான். எதுர்ல தான் குந்திகினு கீறான். யார்கிட்ட வாங்கின?

எல்லப்பன்: வடக்குப்பட்டு மண்ணாங்கட்டி கிட்ட.

கனகம்: என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?

எல்லப்பன்: ஊரே தேடிகினு இருந்துச்சி, கனகம். ஆடே இல்லன்னு தெரிஞ்சா சிரிப்பாங்க. சிரிச்சா நீ வெளிய வர மாட்ட. படுத்துக்குவ. நீ படுத்துகினு இருந்தா எனக்கு பயமா கீது. பகல்ல கண்ணு மூடிகினு இருந்தா கூட, பக்கத்துல வந்து மூச்சு வருதான்னு பாத்துட்டுப் போறேன்.

கனகம்: அதான் தெனம் விடியக்காத்தால அவுத்து வுட்டியா?

எல்லப்பன்: தேடறதுக்கு ஆடு வேணும் இல்ல உனக்கு?

கனகம்: நடுவுல ஒரு வாரம் நைட் ஷிப்டு போனியே. அப்ப யாரு அவுத்தது?

எல்லப்பன்: அப்ப... அதுக்கே பழகிப் போச்சின்னு நெனச்சேன்.

கனகம்: ஆடு முடிச்சு அவுக்குமாயா?

எல்லப்பன்: அடிப்பாவி, நீயா? உனக்கு எப்ப தெரியும்?

கனகம்: நீ பல்லு வெளக்கினன்னிக்கே.

எல்லப்பன்: ஒத்தக் காது வெள்ளைக்கு நான் எங்க போவேன்? கருப்பு தான் கெடைச்சிது. ஆனா ஒண்ணு, ஒரே ஒரு தபா தான் பூசினேன். இத்தினி மழை பேஞ்சும் போவல பாத்தியா? நல்ல சுண்ணாம்பு.

கனகம்: மொத மழைக்கே போயிடுச்சி.

எல்லப்பன்: எங்க போச்சி? நேத்து கூட பளீர்னு இருந்துச்சே... இரு. டப்பாவ நான் உனக்கு எட்டாத எடத்துல இல்ல வெச்சேன்?

கனகம்: ஆமா. மொத தபா முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். காது கறுத்துட்டா பலராமன் கேப்பான், நீயும் அவுக்கறத நிறுத்திடுவியேன்னு. அடுத்த மழைக்கும் முக்காலி தான். அப்பறம் அது கடுகு தின்னுட்டு ஏரில எறங்கிச்சே, அன்னிக்கு சாயங்காலம் முக்காலிய எங்க வெச்சேன்னு வூடு பூரா தேடிகினு இருந்தேன்... கடைசில பாத்தா, ஏறாமயே டப்பா என் கைல கீது.