பாதி விலைக்குச் சார்ஜ்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா. காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

என் பெயர் சண்முகவேல். திருவொற்றியூரில் மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நிலையம் நடத்துகிறேன். காசிமேட்டு மீன்பெட்டி, துறைமுகச் சரக்கு என்று ஏற்றும் லோடு வண்டிகள்தான் என் வாடிக்கை. அவர்களுக்குச் சார்ஜ் வேகமாகவும் ஏற வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேராது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். மாதத்தில் ஒரே ஒரு நாள் எல்லா வண்டியும் ஒன்றாகச் செருகி நின்றால் போதும், மின்வாரியத்தில் அந்த உச்சத்தை வைத்தே பில் போட்டுவிடுகிறார்கள். கேட்கப் போனால் அந்த மேசைக்குப் போ, இந்த மேசைக்குப் போ. வண்டிக்காரர்களோ, திரும்ப டீசலுக்கே போகிறோம் என்றார்கள்.

ஆகவே நானே ஒரு வழி செய்தேன். பேருந்துகளில் கழித்த பழைய பேட்டரிகளை வாங்கி ஷெட்டுக்குள் அடுக்கினேன். கரண்ட் மலிவான நேரத்தில் அவற்றில் சேர்த்துவைத்து, கூட்ட நேரத்தில் வண்டிகளுக்குக் கொடுத்தேன். வேகமும் வந்தது, விலையும் பாதியானது.

பேட்டரிகளில் சூடு கூடினால் அங்கே மாட்டியிருந்த கருவி மணி அடித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மே மாதத்தில் அது ஓயாமல் அடித்தது. பிழைப்பு நடக்க வேண்டாமா? அதன் ஒயரைக் கழற்றிவிட்டேன்.

முகத்துவாரக்குப்பத்து ராஜாத்தி மீன்வண்டி ஓட்டுபவள். அவள்தான் வந்து சொன்னாள். "அண்ணாத்தே, உள்ள ஒரு பேட்டரி ஊதிகினு கீது. ஒரு மாதிரி நாத்தம் வேற. ஆளக் கூட்டியாந்து காட்டு."

"இந்த வாரம் போகட்டும். இப்ப நிறுத்துனா உங்களுக்குத்தான நட்டம்?" என்றேன். அதில் பொய் இல்லையே.

மறுநாள் மதியம் புகை கிளம்பியது. வாசலில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லாரும் வெளியே ஓட, ராஜாத்தி மட்டும் உள்ளே ஓடினாள். "மெயின ஆஃப் பண்ணிட்டு வந்துடறேன், நீ வண்டிங்கள எடுக்கச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

நான் ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். நெருப்பு வெளியே வந்தால் அத்தனை வண்டியும் போய்விடும். அத்தனை குடும்பம்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. டிரைவர் திருமுருகன் ஓடிவந்தான். "இன்னாண்ணே சத்தம் அது? உள்ள யார்னா கீறாங்களா?"

"பேட்டரி வெடிக்குது. கிட்டப் போகாத" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அது அவள் கைதான் என்று எனக்குத் தெரியும் ஐயா. பேட்டரி அப்படி விட்டுவிட்டுத் தட்டாது. சத்தம் நிற்கும்வரை திருமுருகன் கையை நான் விடவில்லை.

ஒரு வண்டியிலும் கீறல் இல்லை, ராஜாத்தியின் வண்டி உட்பட. சாயங்காலமே மற்றவை எல்லாம் லோடுக்குப் போய்விட்டன. ஆனால் இத்தனை நாள் பாதி விலைக்கு ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன் என்று நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.